நேர்கோட்டில் வெட்டிய முள்

முள்மரத்தை வேரோடு பிடுங்காவிட்டால் வெட்டியதற்கே அர்த்தமில்லை. ஒரு மழை பெய்தால் போதும், ஒன்று இருந்த இடத்தில் நான்கு முளைக்கும். அதனால் சம்மட்டி இந்த வேலையில் யாரையும் நம்பமாட்டாள். பெண்கள் அரிவாளால் கிளையைக் கழித்துவிட்டு நகர்ந்ததும், கடப்பாரையோடு குனிந்து வேர் முழுசாக வந்ததா என்று அவளே பார்ப்பாள். நிலக் காப்புச் சங்கத்தின் செயலாளர் ஆன பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. கூட்டத்துக்கு நகத்தில் மண்ணோடுதான் போவாள். பொருளாளராக இருக்கும் மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்து, "செயலாளரம்மா, கைக்கு ஏதாவது களிம்பு தரட்டுமா?" என்பார். "உங்க நாக்குக்கு முதல்ல போடுங்க" என்பாள் இவள்.

சம்மட்டி என்பது கல்குவாரியில் வந்த பெயர். மற்ற பெண்கள் கல் சுமந்தபோது இவள் ஆண்களோடு நின்று கல் உடைத்தாள். அதே குவாரியில் வெடி வைத்தவர்தான் அவள் அக்காவின் புருஷன். ஒரு நாள் வெடி நேரம் தப்பி வெடித்து அவருடைய இடது காது போயிற்று. மறுநாள் கூலியைக்கூட வாங்காமல் வெளியே வந்தவர், மிச்சம் இருக்கிற மலையையும் அதன் அடிவாரத்தையும் இனி எவனும் தொடக்கூடாது என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார். அவர் தலைவர். கூடவே வெளியே வந்த கொழுந்தியாள் செயலாளர். படித்த ஆள் ஒருவர் வேண்டுமே என்று மருந்துக்கடைக்காரரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது முள் வெட்டிக்கொண்டிருப்பது பள்ளத்தில். மலையடிவாரத்தில் பாதி வருஷம் தண்ணீர் நிற்கிற நாலு ஏக்கர் நிலம். பால்காரருக்குச் சொந்தமாக இருந்தது. வீடு கட்டி விற்கிற கம்பெனி எத்தனையோ முறை கேட்டும் கொடுக்காதவர், சங்கத்துக்குச் சும்மாவே கொடுத்தார். அன்று மாட்டுக்கொட்டகையில் தலைவர் அரைமணி நேரம் பேசினார். பால்காரர் கறந்துகொண்டே கேட்டுவிட்டுத் திரும்பி இவளைத்தான் பார்த்தார்.

"நீ என்னம்மா சொல்ற?"

"ஒரு கூடை மண்ணு விழாது பெரியப்பா. நான் இருக்கேன்."

"அப்ப சரி."

தான் உயிரோடு இருக்கும்வரை தன்னைக் கேட்காமல் நிலத்தில் எதுவும் மாறக்கூடாது என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

முள் வெட்ட வழி காட்டியவர் தலைவர்தான். இரண்டு வரிசையாகக் குச்சி நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். "இதுக்கு நடுவுல இருக்கறதை முதல்ல முடி. வழி கிடைச்சாத்தான் ரெண்டு பக்கமும் உள்ள போய் வெட்ட முடியும்" என்றார். குச்சிகள் கயிறு பிடித்ததுபோல நேராகப் போயின. முள் அப்படி நேராக வளராதே என்று சம்மட்டிக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. கிழக்கு ஓரத்தில் இதைவிட அடர்ந்து கிடந்தது. அதை விட்டுவிட்டு இதை ஏன்? ஆனால் சொன்னவர் மாமா. கடப்பாரையை எடுத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் வரிசை முடிந்தது. பெரிய வேர்களைப் பிடுங்க வந்த பொக்லைன் டிரைவர் டீ குடித்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, திங்கக்கிழமை ஜல்லியை இந்த முனையில கொட்டவா, மலைப்பக்கம் கொட்டவா?"

"என்ன ஜல்லி?"

"ரோட்டுக்குத்தான்."

"எந்த ரோட்டுக்கு?"

டிரைவர் டீயைக் கீழே வைத்தான். வெட்டிய வழியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இதான்க்கா ரோடு. கம்பெனிக்காரங்க சொன்னாங்க. நீங்கதானே வெட்டறீங்க, தெரியும்னு நெனச்சேன்."

பக்கத்தில் இருந்த பெண்களில் ஒருத்தி சிரித்தாள். "தம்பி, அக்காகிட்ட விளையாடாதே, கடப்பாரை கையில இருக்கு." டிரைவர் சிரிக்கவில்லை. அதைப் பார்த்து அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

சங்கத்தின் ஆபீஸ் டயர்க் கடைக்கு மேல் ஒரு அறை. எந்நேரமும் ரப்பர் கருகிய வாடை. சுவரில் ஒரு பெரிய வரைபடம். சங்கம் காப்பாற்றிய நிலத்துக்கெல்லாம் தலைவர் தன் கையால் பச்சை அடித்திருந்தார். கோட்டுக்கு வெளியே வழிந்து, குழந்தை அடித்ததுபோல இருக்கும். சம்மட்டி நுழைந்தபோது தலைவரும் மருந்துக்கடைக்காரரும் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"பள்ளத்துல ரோடு போடறீங்களா மாமா?"

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தலைவர் மெதுவாகக் கழுத்தைத் திருப்பினார். கேட்க விருப்பம் இல்லாததற்கெல்லாம் அவர் இடது காதைத்தான் கொடுப்பார். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சம்மட்டி நாற்காலியைச் சுற்றி வந்து வலது காதுப் பக்கம் நின்றாள்.

"ரோடு போடறீங்களான்னு கேட்டேன்."

"உக்காரு."

"நின்னுக்கறேன்."

"மலைக்கு அந்தாண்ட கம்பெனி வீடு கட்டுது. போக வழி இல்ல. நாம வழி விட்டா மலையோட மிச்சப் பாதியை நமக்கு எழுதிக் குடுக்கறான். மொத்தமா. இனி ஒருத்தனும் அங்க வெடி வைக்க முடியாது." வரைபடத்தில் மலை இருந்த இடத்தைத் தொட்டார். "அந்த மலையை உடைச்சவன் நான். அதைக் காப்பாத்தாம செத்தா என் கட்டை வேகாது."

"உடைச்சது நீங்க. அதுக்குப் பால்காரர் ஏன் நிலம் குடுக்கணும்?"

"நாலு ஏக்கர் பள்ளமும் ஒரு மலையும் ஒண்ணா?"

"உங்க நிலத்தைக் குடுங்களேன்."

"எனக்கு எங்க இருக்கு நிலம்?"

"அதான் அடுத்தவன் நிலத்தைக் குடுக்கறீங்க. தாராள மனசு உங்களுக்கு."

மருந்துக்கடைக்காரர் இடையில் புகுந்தார். "செயலாளரம்மா, கூட்டம் போட்டுத்தான் முடிவு பண்ணோம். முறைப்படி."

"எந்தக் கூட்டம்? என்னைக் கூப்பிடலையே."

"நீங்க பள்ளத்துல வேலையா இருந்தீங்க."

"அனுப்பினது யாரு?"

அவர் கண்ணாடியை மறுபடி துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

அவளுக்கு உள்ளங்கையில் முள் ஏறிய இடம் வீங்கியிருந்தது. இவர்கள் இங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கை தூக்கிக்கொண்டிருந்தபோது, அவள் இவர்களுடைய ரோட்டுக்கு வேர் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஆள் வைத்து வெட்டியிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வெட்டியிருக்கமாட்டார்கள்.

"பெரியப்பா சம்மதம் இல்லாம ஒண்ணும் நடக்காது" என்றாள்.

"அவர் சரின்னுட்டார்" என்றார் தலைவர். "திங்கக்கிழமை பதிவு. நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன்."

"பொய்."

"போய்க் கேளு."

படியிறங்கினால் கீழே அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் தூக்கு. புருஷனுக்குச் சாப்பாடு. தங்கை முகத்தைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கினாள். அந்த ஒதுங்கலே போதுமாக இருந்தது.

"உனக்கும் தெரியுமா?"

"சொன்னா நீ ஊரைக் கூட்டுவேன்னு அவர்தான்..." அக்கா தூக்கைக் கை மாற்றினாள். "ராத்திரியெல்லாம் தூங்கறதில்லடி அந்த மனுஷன். மலை மலைன்னு பெனாத்தறார். ஒரு தடவை விட்டுக் குடுத்தா என்ன?"

"எனக்குத் தெரியாம என் கையாலேயே வெட்ட வெச்சுட்டு, இப்ப விட்டுக் குடுக்கணுமா?"

"அவரு உனக்கு அப்பா மாதிரி."

"அப்பா குவாரிக்கு அனுப்பும்போது குவாரின்னு சொல்லித்தான் அனுப்பினார்."

மறுநாள் காலையில் பால்காரர் கொட்டகையில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் வா என்று சொல்லவில்லை. அவளே ஒரு கூடையை எடுத்து அள்ள ஆரம்பித்தாள். அவர் கூடையைப் பிடுங்கி வைத்தார்.

"கையில காயம். வேண்டாம்."

"பெரியப்பா, ரோட்டுக்குச் சரின்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"ஏன்?"

பால்காரர் நிமிர்ந்து அவளை விசித்திரமாகப் பார்த்தார். "ஏன்னு நீ கேக்கறியா? உன் மாமன் வந்து கேட்டான். முடியாதுன்னேன். சம்மட்டியே ஒத்துக்கிட்டான்னான். அவ சொல்லட்டும்னேன். அவ எதுக்குச் சொல்லணும், போய்ப் பாருங்க, அவளே வழி வெட்டறான்னான்." அவர் ஒரு கன்றின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். "போய்ப் பார்த்தேன். கரையில நின்னு பார்த்தேன். நீ குனிஞ்சு வேர் வேரா பிடுங்கிட்டிருந்த. அவ்வளவு சிரத்தையா."

"எனக்குத் தெரியாது பெரியப்பா. முள்ளுக்காகன்னு நெனச்சேன். சத்தியமா."

"இருக்கும்."

"நாளைக்குப் பதிவுக்குப் போகாதீங்க. நீங்க கையெழுத்து வைக்கலைன்னா ஒண்ணும் நடக்காது. நான் கூட்டத்துல எழுந்து பேசறேன். யாரா இருந்தாலும் பேசறேன்."

"இதே இடத்துல நின்னுதான் அவனும் பேசினான். ஒரு புல்லு அசையாதுன்னான். நீ கூடை மண்ணுன்ன. ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசினீங்க."

"நான் அவர் இல்ல."

"நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லல. உன் பேரைச் சொல்லி என்னை வளைச்சுட்டான், அது புரியுது. ஆனா உன் பேரு அவன் கையில எப்படிப் போச்சு? நீ குடுத்து வெச்சிருந்த. குச்சி நட்டா வெட்டுவேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு." மாடு ஒன்று வாலால் அவர் முகத்தில் அடித்தது. அதைத் தள்ளிவிட்டார். "சரின்னு ஒரு தடவை சொல்லிட்டேன். சொன்னதை மாத்தறது உங்க சங்கத்து வழக்கம். எனக்கு இல்ல."

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு எருக்குழிக்கு நடந்தார். அவர் திரும்பி வரும்போதும் அவள் அங்கே நிற்பதைப் பார்க்காததுபோலவே கடந்து போனார்.

திங்கட்கிழமை விடிந்ததும் சம்மட்டி பள்ளத்துக்கு வந்தாள். பெண்களைக் கூப்பிடவில்லை. வெட்டிக் குவித்திருந்த முள்ளைக் கவைக்கோலால் இழுத்து, மெயின் ரோட்டோரமாக இருந்த முனையில் போட்டாள். காய்ந்த முள் லேசாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றோடு ஒன்று கொக்கி போட்டுக்கொண்டு வர மறுத்தது. புடவை கிழிந்தது. வழியின் அகலத்துக்கு இடுப்பளவு குவிய வெகுநேரம் ஆயிற்று.

தலைவரின் வண்டி வந்தது. முன் சீட்டில் பால்காரர், வெளுத்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். முள்குவியலுக்கு எதிரில் வண்டி மெதுவாயிற்று. தலைவர் கண்ணாடியை இறக்கவில்லை. பால்காரர் குவியலைப் பார்த்தார். கிழிந்த புடவையைப் பார்த்தார். உதடு ஏதோ சொல்ல அசைந்ததுபோல இருந்தது. கவைக்கோலைக் கீழே போட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்தாள். வண்டி வேகமெடுத்து வளைவில் திரும்பிப் பதிவு ஆபீஸ் பக்கம் போய்விட்டது.

வெயில் ஏறியபின் ஜல்லி லாரி வந்தது. பின்னாலேயே பொக்லைன். டிரைவர் இறங்கி வந்து முள்ளைச் சுற்றிப் பார்த்தான்.

"யாருக்கா இதைக் கொண்டாந்து போட்டது?"

"நான்தான்."

"பிடுங்கினதும் நீங்க, போட்டதும் நீங்களா?" தலையைச் சொறிந்தான். "நான் ஒரு வாரி வாரினா போயிடும். வாரவா, விடவா? தலைவர் ஒண்ணு சொல்றார், செயலாளர் ஒண்ணு சொல்றீங்க. யார் சொல்றதைத்தான் நான் கேக்கறது?"

"உன் வேலையை நீ செய். நான் நகரமாட்டேன்."

முள்ளுக்கு முன்னால், நடு வழியில் உட்கார்ந்தாள். பிடுங்கிய இடத்து மண் இன்னும் இளகிக் கிடந்தது. டிரைவர் இஞ்சினை அணைத்தான். லாரிக்காரன் இறங்கி நிழலுக்குப் போனான். டிரைவர் தள்ளி நின்று போனில் பேசினான். கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு வந்து போனை நீட்டினான்.

"பதிவு முடிஞ்சுதாம். உங்ககிட்ட பேசணுங்கறார்."

அவள் வாங்கினாள். அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. வலது காதில்தான் வைத்திருப்பார்.

"என்னம்மா பண்ணிட்டிருக்க அங்க? எழுந்து வீட்டுக்குப் போ. அக்கா உனக்கும் சேர்த்துச் சமைக்கறா. சாயங்காலம் வந்து மாமா எல்லாம் சொல்றேன்."

"தலைவரே" என்றாள் சம்மட்டி.

இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. கூட்டத்தில், மேடையில், கம்பெனிக்காரர்கள் முன்னால்கூட மாமாதான்.

"செயலாளர் பேசறேன். கூட்டம் போடுங்க. இந்தத் தடவை எனக்குச் சொல்லிட்டுப் போடுங்க. அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன். தூக்கணும்னா ஆள் அனுப்புங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். டிரைவர் அதைக் காதில் வைத்துப் பார்த்தான். "வெச்சுட்டார்க்கா" என்றான்.

அவள் உள்ளங்கையைத் திருப்பி, பழுத்திருந்த முள்ளை நகத்தால் நெம்ப ஆரம்பித்தாள். நுனி மட்டும் முறிந்து வந்தது. மீதி உள்ளேயே நின்றுவிட்டது.