அரிப்பு அடங்கிய ஒரு மணி நேரம்

1

வலியைப் பற்றி எழுதினால் அழுவார்கள். அரிப்பைப் பற்றி எழுதினால் சிரிப்பார்கள் என்று பயந்தே இத்தனை காலம் இதை எழுதவில்லை. என் கணவர் செல்லமுத்து ஈரல் கெட்டு இறந்தார். அதற்கு முன் ஓர் ஆண்டு முழுக்க அவருக்கு அரித்தது. இந்தக் கதை அங்கிருந்துதான் வருகிறது.

முதல் தொடக்கம்: 'பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்காலில் காவிரிக் காற்று...'

(வேண்டாம். காற்றுப் பட்டாலும் அவருக்கு அரிக்கும்.)

இரண்டாவது: 'வெற்றிலை கிள்ளக் கட்டைவிரலில் மாட்டும் இரும்பு நகத்தால் அவர் தன் கெண்டைக்காலை...'

(இதை முடிக்க என்னால் ஆகவில்லை.)

2

தோலில் ஒரு புள்ளி கிடையாது. ஆனாலும் ஊர் அதைச் சொறி என்றது. வெற்றிலை மங்கலப் பொருள். சொறிகிற கை கட்டிய வெற்றிலைக் கட்டை யாரும் வாங்கவில்லை. அந்த ஆண்டு, 1982இல்தான், மகள் சௌந்திரத்துக்கு எடப்பாடியில் மாப்பிள்ளை அமைந்தது. பெண்ணின் அப்பாதான் தாம்பூலம் மாற்ற வேண்டும்.

"நாஞ் சொறியாம உக்காந்து மாத்தோணும் புள்ள" என்றார் என்னிடம். "அதுக்கு மட்டும் ஒரு வழி பாரு."

3

சேலத்து டாக்டர் ஜானகியம்மாளை முதலில் நரைத்த தலையோடு எழுதினேன். பொய். சின்னப் பெண். எதையும் அடித்துச் சொல்லமாட்டார்.

"அரிப்பு தோல்ல இல்லீங்க, மூளையில. அபின் போய் ஒட்டுறதுக்குன்னே அங்க சின்னச் சின்ன இடம் இருக்கு. உடம்பே அபின் மாதிரி ஒண்ணைச் சுரக்கும். ஈரல் கெட்டா அது கூடிப்போய் அரிக்குதோன்னு சிலர் சந்தேகப்படறாங்க."

"ஏனுங்க, அபின் தின்னாமயே அபின்காரனாயிட்டனா? அப்பப் போதை எங்கீங்க?" என்றார் என் கணவர்.

டாக்டர் சிரித்துவிட்டார். அபின் வகை மருந்து மிஞ்சிப்போனவர்களுக்குப் போடும் ஓர் ஊசி உண்டாம், நலாக்சோன் என்று. அது அந்த இடங்களை அடைத்துக்கொள்ளுமாம்.

"கேக்குமான்னு தெரியாது. கேட்டாலும் ஒரு மணி நேரம் தாங்கினா அதிகம். இங்க வார்டுல வெச்சுத்தான் போடுவேன்."

(அந்த இடங்களுக்கு 'ஏற்பி' என்று பெயர். பல ஆண்டு கழித்துப் படித்தேன். என் கணவர் இருந்திருந்தால் அதற்கும் ஒரு கேலி வைத்திருப்பார்.)

4

அப்படியானால் தாம்பூலத்தையும் அந்த வார்டிலேயே மாற்றிவிடலாம் என்றேன். என் கணவரின் அண்ணன் காளியண்ணன் குதித்தார். "ஆஸ்பத்திரியில ஆராச்சும் வெத்தலை மாத்துவாங்களா? ஊரு சிரிக்காதா?"

(இவரை வில்லனாக எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். வெற்றிலைக் கூடையைச் சேலம் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தவர் அவர்தான்.)

மாப்பிள்ளையின் அம்மா பொன்னாத்தாளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னோம். "பொண்ணு எடுக்கறது எங்கூட்டுக்கா, ஊருக்கா? எந்த வார்டுன்னு சொல்லுங்க, வாரேன்" என்றார்.

5

ஊசி போட்டார்கள். எல்லோரும் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முழங்கையைத் தேய்த்தார். கழுத்தைத் தொட்டார். பிறகு இரண்டு கைகளும் மடியில் இறங்கின. அங்கேயே கிடந்தன.

தட்டு மாற்றினார். பொன்னாத்தாள் அவர் கொடுத்ததிலிருந்தே ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைக்காமல் வாயில் போட்டு மென்றார்.

"நல்ல காரமுங்ணா."

அந்த ஒரு மணி நேரம் அவர் அரிப்பை அடக்கியது ஊசியா, அந்த வெற்றிலையா? டாக்டரும் சொல்லவில்லை.

எல்லோரும் வெளியே போனதும், பழக்கத்தில் என் கை அவர் முதுகுக்குப் போய்விட்டது.

"சொறியாத புள்ள. சும்மா வெச்சிரு."

வைத்தேன். என் கை அவர் மேல் சும்மா இருந்து ஓர் ஆண்டாகியிருந்தது.

6

முடிவு ஒன்று: ஊசியைத் தொடர்ந்து போட்டார்கள், அவர் பிழைத்துக்கொண்டார். (பொய் என்று உங்களுக்கே தெரியும்.)

முடிவு இரண்டு: மருந்து முறிந்தது, கை மறுபடி...

இல்லை. அந்த மணி முடிந்ததை எழுதும் வேலை என்னுடையதல்ல. கடிகாரம் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் பாருங்கள். எழுதிக்கொண்டிருப்பது என் வலது கை. இடது கை அவர் முதுகில், சும்மா