உக்காந்தாச்சா?

அந்த ஆறு கிளிப்புகளையும் முத்துப்பிரியா தன் கையாலேயே அண்ணன் ஜீப்பில் மாட்டினாள். கம்பெனி சொல்லவில்லை, அண்ணனும் கேட்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. போடியில் கொஞ்சம் கூடுதல்.

சென்னைக்கு வெளியே இருக்கும் ஒரு கம்பெனிக்குப் போடியில் இருந்தபடியே வேலை பார்க்கிறாள் பிரியா. காருக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகளைத் தகரத்தோடு பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கிளிப்புகளை வரைவதுதான் அவள் வேலை. விரல்நுனி அளவுதான் ஒவ்வொன்றும். இதுநாள் வரை ஆட்கள் கட்டைவிரலால் அழுத்தி மாட்டினார்கள். ‘டக்’கென்று சத்தம் கேட்டால் அடுத்ததற்குப் போவார்கள். இனிமேல் ரோபோ மாட்டப்போகிறது. ரோபோவுக்குக் கட்டைவிரலும் கிடையாது, காதும் கிடையாது. அதனால் கிளிப்பையே மாற்றி வரைந்தாள். ரோபோ பிடித்துக்கொள்ள மேலே சதுரமான தலை, துளையைத் தானே தேடிப் போய் நுழையக் கூர்த்த கால், லேசாக அழுத்தினாலே போதும் என்று. அழுத்தும்போது எதிர்ப்பு ஏறும். ஏறியது சட்டென்று குறைந்தால் கிளிப்பு உட்கார்ந்துவிட்டது என்று கணக்கு. பச்சை விளக்கு எரியும். ரோபோ அடுத்த துளைக்குப் போய்விடும்.

அண்ணன் முத்துப்பாண்டி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் ஆள் ஏற்றுகிறவன். விடியும்போது போடியிலும் சிலமலையிலும் காய் எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறினால், பொழுது சாயும்போது இறங்குவான். அந்த மலைப்பாதை வண்டியை ஆட்டுகிற ஆட்டத்தைக் கம்பெனியில் கிளிப்பைச் சோதிக்கிற ஆட்டும் மேசை ஏழு ஜென்மத்துக்கும் ஆட்டாது என்பது பிரியாவின் கட்சி. ரோபோ கை எவ்வளவு அழுத்துமோ அவ்வளவே அழுத்தும் சின்னக் கருவி ஒன்றைக் கம்பெனி அவளுக்கு அனுப்பியிருந்தது. அதை வைத்து, என்ஜின் பக்கம் ஓடும் ஒயர்க் கட்டை அவிழ்த்து, பழைய பட்டிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆறு துளையில் ஆறு கிளிப்பு. ஆறுக்கும் கருவியில் பச்சை எரிந்தது.

பக்கத்தில் டார்ச் பிடித்து நின்ற முத்துப்பாண்டி, “சத்தத்தையே காணோம். இன்னொரு அமுக்கு அமுக்கிரவா?” என்று கட்டைவிரலை நீட்டினான்.

“கைய எடுண்ணே! ரோபோ எவ்வளவு அமுக்குமோ அவ்வளவுதான் அமுக்கணும். அப்பத்தான் சோதனை.”

“நல்ல சோதனைதான் போ” என்று சிரித்தபடி கையை எடுத்துக்கொண்டான். அந்தக் கட்டைவிரலை நினைத்துத்தான் பிரியா பின்னால் அவ்வளவு துடித்தாள்.

ஆவணி மாதம், மலையில் விடாத சாரல். மத்தியானத்துக்கு மேல் மேனேஜர் ஈஸ்வர் கூப்பிட்டார்.

“ரோபோ மாட்டின கிளிப்பைச் சூட்டுலயும் ஈரத்துலயும் வச்சு ஆட்டிப் பாத்தாங்க பிரியா. பச்சை எரிஞ்சதுலயே சிலது கழண்டு வந்துருச்சு. காலுல ரெண்டு படி இருக்கில்ல? முதல் படி நுழையும்போதே எதிர்ப்பு குறையுது. ரோபோ அதையே உக்காந்ததா எடுத்துக்கிடுது.”

“அப்ப பாதிதான் உக்காந்திருக்கா சார்?”

“பாதிதான். காஞ்ச நிலையில நல்லாத்தான் நிக்குது. ஈரச் சோதனை கார் கம்பெனி கேக்காம நாமளாச் செஞ்சதுதானே, அதை விட்டுரலாம்னு பாக்குறேன். நாளைக்குக் காலையில கார் கம்பெனிக்கு ஓகே சொல்லியாகணும். யோசிச்சு வைங்க, சாயங்காலம் கூப்பிடுறேன்.”

கார் கம்பெனி யார் நினைப்பில் இருந்தது? பிரியாவின் கண் முன்னால் நின்றது அண்ணன் ஜீப்பின் சைலன்சர் குழாய். ஒயர்க் கட்டு அதற்கு ஒரு சாண் மேலே போகிறது. கிளிப்பு கழன்றால் கட்டு நேராகக் குழாய் மேல் விழும். ஒயர் உருகும். முன் விளக்கு அணையும், அது கூடப் பரவாயில்லை, தீப்பிடித்தால்? பனிமூட்டம், வழுக்குகிற தார், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், உள்ளே ஒருவர் மடியில் ஒருவராகப் பெண்கள். அண்ணன் நீட்டின கட்டைவிரலை எடுக்கச் சொன்னவள் அவள்தான்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். மலையில் கேரளா டவர் பிடித்திருந்தது போல. ஒருத்தி மலையாளத்தில் இனிமையாக ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மறுபடி போட்டாள். மறுபடியும் அதே இனிமை. அந்தக் குரலைக் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. எஸ்டேட் மேஸ்திரி மொக்கச்சாமி நம்பர் அண்ணன் எப்போதோ கொடுத்தது. அது கிடைத்தது.

“முத்துப்பாண்டியா? சாரல் கூடிப்போச்சுன்னு இன்னைக்கு வெரசா விட்டாச்சும்மா. இப்பத்தான் லோடு ஏறிச்சு, கெளம்பிட்டாக.”

தோட்டத்தில் காய் ஏறினாலும் லோடுதான், ஆள் ஏறினாலும் லோடுதான்.

அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மதினி பாண்டீஸ்வரி எட்டிப் பார்த்தாள். “யாருக்கு இத்தனவாட்டி போனு?”

“ஆபீஸ் சோலி மதினி.”

“ஆபீஸ் சோலிக்கு எதுக்கு மொக்கச்சாமி?”

பிரியாவுக்குப் பொய் சொல்லவும் சரியாக வராது. சொல்லிவிட்டாள், கிளிப்பு, குழாய், ஈரம் எல்லாவற்றையும். மதினிக்குப் பாதி விளங்கவில்லை. விளங்க வேண்டியது விளங்கிவிட்டது. கத்தியைக் கீழே வைத்தாள். ஸ்கூட்டர் சாவியை ஆணியிலிருந்து எடுத்து நீட்டினாள்.

“போ. அவுக நல்லபடியா வந்துட்டாகன்னா, நான் உன்னைய ஒரு வார்த்த கேக்க மாட்டேன்.”

மலையடிவாரம் முந்தல். அங்கே செக்போஸ்ட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கி வருகிற ஒவ்வொரு ஜீப்பையும் கைகாட்டி மறித்தாள். நனைந்த தலையோடு நடுரோட்டில் நிற்கும் பெண்ணைப் பார்த்து முதல் டிரைவர் திட்டினான். இரண்டாவது டிரைவருக்கு முத்துப்பாண்டியைத் தெரியாது. மூன்றாவது ஆள் தலையை வெளியே நீட்டினார்.

“முத்துப்பாண்டி வண்டியா? மேல ஒரு வளைவுல வெளக்கு இல்லாம நிக்குது. நிறுத்த எடமில்லாம நான் வந்துட்டேன். தீஞ்ச வாடை அடிச்சுச்சு.”

“ஆளுக?”

“மூட்டத்துல ஒண்ணும் தெரியலம்மா.”

ஒண்ணும் தெரியல. அந்த இரண்டு சொல்லையும் சுமந்துகொண்டு பிரியா மலை ஏறினாள். ஸ்கூட்டர் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அழுத்தினாள். மாரியாத்தா, என்னைய என்ன வேணும்னாலும் செய்யி, அவுகள விட்டுரு என்று வாய் தானாக முனகியது. கணக்கும் வரைபடமும் படித்த வாய்தான்.

ஒரு வளைவு திரும்பியதும் மூட்டத்துக்குள் சின்னச் சின்ன வெளிச்சங்கள் தெரிந்தன. பெண்கள். பாறைப் பக்கமாக ஒதுங்கி வரிசையாக நின்று, வருகிற வண்டிகளுக்குத் தெரியும்படி செல்போன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவே ஜீப்பு. பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு முத்துப்பாண்டி நின்றான். இரண்டு காலில்தான் நின்றான். ஸ்கூட்டரை நிறுத்தக் கூடத் தோன்றாமல் பிரியா ஓட, அது பின்னால் சாய்ந்து விழுந்தது.

“நீ எங்க இங்க?” என்றான் அண்ணன். வலது கையில் ஈரத்துண்டு சுற்றியிருந்தது.

“கையில என்னண்ணே?”

“ஒண்ணுமில்ல. ஒயரு குழாய் மேல கெடந்து பொகஞ்சுச்சு. இழுத்துவிட்டேன். லேசாச் சுட்டிருச்சு.”

துண்டை விலக்கிப் பார்த்தாள். உள்ளங்கை பூராவும் கொப்பளம். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“டிரைவரு கை வெந்ததுக்கு இந்தப் புள்ள அழுகுது. எல்லாம் அந்த எலி செஞ்ச வேல!” என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

“எலியா?”

“எலி ஒயரக் கடிச்சிருச்சாமே. உங்கண்ணன்தான் சொன்னாரு. வண்டிக்குள்ள பொரி, முறுக்குன்னு போட்டா எலி வராம என்ன செய்யும்னு எங்களையே வையிறாரு.”

பிரியா அண்ணனைப் பார்த்தாள். அவன் யாரையும் பார்க்காமல் பானட்டுக்குள் குனிந்தான். அவளும் டார்ச்சோடு குனிந்தபோது, இடது கையால் சட்டைப் பையைத் துழாவி எதையோ எடுத்து அவள் கைக்குள் திணித்தான். கிளிப்பு. மூன்று. ஒரு கீறல் இல்லை, ஒரு கடி இல்லை, செய்து வந்த மேனிக்கே இருந்தன.

“எலி ஒயரத் தின்னுட்டு இத மட்டும் விட்டுருச்சு” என்றான் மெதுவாக. “உள்ள வையி. யாருக்கும் தெரிய வேணாம்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இது தாங்கவில்லை. கிளிப்புகள் கையில் முள்ளாக உறுத்தின. கழுவித் துடைத்துக் கொடுத்த மாதிரி ஒரு பொய். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் முடிந்தது. ஈஸ்வர் சாரும் அதைத்தானே நீட்டினார்? அங்கே ஈரம், இங்கே எலி.

முத்துப்பாண்டி உருகின ஒயரை விலக்கித் துணியால் கட்டினான். மீதிக் கட்டைத் துண்டுக் கிழிசலால் மேலே தூக்கி முடிந்தான். என்ஜின் கிளம்பியது, முன் விளக்கு எரியவில்லை. பிரியா ஸ்கூட்டரில் வெளிச்சம் காட்டிக்கொண்டு முன்னால் போவது, ஜீப்பு நடை வேகத்தில் அதன் பின்னால் வருவது என்று முடிவாயிற்று. பெண்கள் திபுதிபுவென்று ஏறினார்கள்.

முத்துப்பாண்டி வழக்கம்போலக் கழுத்தைத் திருப்பிக் குரல் கொடுத்தான். “எல்லாரும் உக்காந்தாச்சா?”

“உக்காந்தாச்சு, உக்காந்தாச்சு. எடுப்பா!”

விழுந்த ஸ்கூட்டரை நிமிர்த்தி நிறுத்திவிட்டு ஜீப்பின் பின்பக்கம் வந்த பிரியாவுக்கு, உள்ளே இருந்து கேட்ட குரல்களில் ஒன்று மட்டும் ரொம்பப் பக்கத்தில் கேட்டது. டார்ச்சை அடித்தாள். கடைசியில் கருத்தம்மாள். ஐம்பதைத் தாண்டியவள். பலகையின் ஓரத்தில் பாதி உடம்பு, பாதி வெளியே தொங்கியது. ஒரு காலுக்குப் பிடிப்பே இல்லை. கூரைக் கம்பியை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, “உக்காந்தாச்சு” என்று எல்லோரையும் விட உரக்கச் சொன்னவள் அவள்தான்.

“பெரியம்மா, நீங்க எங்க உக்காந்திருக்கீங்க?” என்றாள் பிரியா. “முழுசா உக்காருங்க. இல்லன்னா எறங்கிருங்க!”

“எடமில்லயே ஆத்தா.”

“பெறகு ஏன் உக்காந்தாச்சுன்னு சொன்னீங்க?”

கருத்தம்மாளுக்கு இந்தக் கோபம் விளங்கவில்லை. தினமும் சொல்கிற சொல்தானே.

“சொல்லலேன்னா வண்டிய எடுக்க மாட்டாகல்ல?”

பச்சை விளக்கும் இதைத்தான் சொன்னது. பாதி நுழைந்ததும் உட்கார்ந்துவிட்டேன் என்று சொன்னது, அடுத்த வேலை நடக்க வேண்டும் என்பதற்காக. பாதியில் நிற்பதற்குக் கிளிப்பின் காலில் ஒரு படியை வரைந்து கொடுத்தவள் யார்? முழுசாக உட்காராத கிளிப்பு துளையிலிருந்து தெறித்து வெளியே விழுந்திருக்க வேண்டும். உட்காரு, இல்லையென்றால் இறங்கு. நடுவில் ஒரு நிலை இருக்கவே கூடாது.

“எலி இல்ல” என்றாள் ஜீப்புக்குள் பார்த்து.

“ஏய், பேசாம வா” என்றான் அண்ணன் முன்னாலிருந்து.

“எலி கடிக்கல. நான் சோதனைக்கு மாட்டின கிளிப்பு கழண்டுருச்சு. அது சரியா உக்காரல. எனக்கு மத்தியானமே தெரியும், உங்களுக்குச் சொல்லத்தான் ஓடியாந்தேன்.”

உள்ளே இருட்டிலிருந்து ஒருத்தி, “எங்கள வச்சாடி சோதன பாத்த?” என்றாள். யாரும் அவளுக்காகப் பரிந்து பேசவில்லை.

கருத்தம்மாள்தான் முதலில் அசைந்தாள். கம்பியை விட்டு, முனகிக்கொண்டே தரையில் இறங்கினாள். “சரி, எறங்கிட்டேன். இப்ப என்னைய யாரு கூட்டிட்டுப் போவா?”

“என் பின்னால உக்காருங்க.”

ஸ்கூட்டர் முன்னால், ஜீப்பு பின்னால். ஒவ்வொரு வளைவிலும் பிரியா கண்ணாடியில் பார்த்தாள், ஜீப்பின் கருத்த வடிவம் பின்னாலேயே வந்தது. முந்தல் செக்போஸ்ட் வெளிச்சத்தில் ஜீப்பு வந்து நின்றபோதுதான் அவள் ஒழுங்காக மூச்சு விட்டாள். முத்துப்பாண்டி இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு மதினியிடம், “கையா? சோறு பெசஞ்சு திங்க முடியாது. நீதான் ஊட்டணும்” என்று சொல்வது கேட்டது. மறுமுனையில் பாண்டீஸ்வரி சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

பிரியாவின் பைக்குள்ளும் போன் அதிர்ந்தது. ஈஸ்வர்.

“என்ன பிரியா, ரொம்ப நேரமா லைனே கிடைக்கல. நாளைக்கு ஓகே சொல்லிரலாம்தானே?”

பின்னால் கருத்தம்மாள் இரண்டு கையாலும் அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஜீப்பிலிருந்த பெண்கள் எல்லோரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையிலிருந்த மூன்று கிளிப்பும் தொடையில் குத்தின.

“சொல்லாதீங்க சார்” என்றாள் பிரியா. “அது இன்னும் உக்காரல.”