பாதி விலை டிக்கெட்

“தெருவுல வந்து சொல்லுங்க! அந்த டிக்கெட்டை வாங்குனது நாந்தான்னு உங்க வாயால சொல்லுங்க!”

சூடாமணியின் குரல் எங்கள் அடுப்படி வரை வந்தது. அவள் கணவர் சௌரிராஜன் தணிந்த குரலில் ஏதோ பதில் சொன்னார். சௌராஷ்டிர பாஷையில் சொன்னதால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பதினெட்டு வருஷமாகப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறேன், அந்த வீட்டுச் சண்டை ஒன்றுகூட எனக்கு முழுசாகக் கிடைத்ததில்லை. அவர்கள் பாஷையிலேயே ஆரம்பித்து அதிலேயே முடித்துக்கொள்வார்கள். அன்றைக்கு மட்டும் சூடாமணி வேண்டுமென்றே தமிழில் கத்தினாள். திருநகரில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கட்டும் என்றே கத்தினாள்.

இரண்டாயிரத்து இரண்டு, ஏப்ரல் மாசம். அவர்கள் மகள் ரம்யாஸ்ரீ பிளஸ் டூ முடித்திருந்தாள். வகுப்புப் பெண்கள் பத்துப் பேர், ஒரு டீச்சர் துணையோடு பெங்களூர், மைசூர் போய்வருவதாக ஏற்பாடு. ரம்யாஸ்ரீக்குக் கோயம்புத்தூரில் விவசாயப் படிப்புப் படிக்க ஆசை. அதற்கு ஹாஸ்டலில் தங்க வேண்டும். “நாலு நாள் தனியாப் போயிட்டு நல்லபடியா வா. அப்புறம் ஹாஸ்டலைப் பத்திப் பேசுவோம்” என்று அப்பா சொல்லியிருந்தார். மற்ற பெண்களுக்கு அது சுற்றுலா. அவளுக்கு அது இன்னொரு பரீட்சை.

எதிர்வீட்டு முகம்மது கனி, தன் மகள் நாஸியாவுக்கு டீச்சர் கேட்ட அன்றே பணம் கட்டிவிட்டார். பேர், வயசு எல்லாம் சரியாக எழுதி, இரண்டு மாசத்துக்கு முன்பே டிக்கெட் வாங்கியாயிற்று. சௌரிராஜன் கட்டவில்லை. “எனக்கு ரயில்வேல ஆள் இருக்கு, கோட்டாவுல எடுத்துக்கிடுவேன்” என்றார். ஆள் ஒருத்தரும் இல்லை என்பது கடைசி வாரத்தில் தெரிந்தது. வெயிட்டிங் லிஸ்ட் இருநூறைத் தாண்டியிருந்தது.

அப்போதுதான் புரோக்கர் காசிமாயன் வந்து சேர்ந்தான். தேனிலவுக்குப் போக இருந்த ஒரு ஜோடி பயணத்தை நிறுத்திவிட்டதாம். “வெங்கடேஷ்பாபு, ஸ்வப்னான்னு பேரு. பொண்ணு பெர்த்து பாதி விலைக்கே தாரேன் அண்ணே. இன்னொரு பெர்த்துல ஒரு பெரியவர் வாராரு, பயமே இல்ல.” பாதி விலை என்றதும் சௌரிராஜனுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை.

ரயிலடியில் மகளுக்குப் பாடம் நடத்தினார். “பேரு ஸ்வப்னா, வயசு இருபத்திரெண்டு. டி.டி.ஆர். என்ன கேட்டாலும் ஆமான்னு மட்டும் சொல்லு. மாட்டுனா நடுவழியில எறக்கி விட்டுருவான்.” டீச்சரும் மற்ற பெண்களும் வேறு பெட்டியில் இருந்தார்கள். வண்டி நகரும்போது இரண்டு பெர்த்துக்குமான அந்த ஒரே டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏறிய பெரியவருக்கு இருபத்தைந்து வயசுதான் இருக்கும். சௌரிராஜன் நடைமேடையில் வாயைத் திறந்தபடி நின்றார்.

திண்டுக்கல் தாண்டியதும் டி.டி.ஆர். வந்தார். டிக்கெட்டைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார். “புருஷன் பொண்டாட்டியா?”

அந்த இளைஞன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ரம்யாஸ்ரீ அப்பா சொல்லிக் கொடுத்தபடி, “ஆமா” என்றாள்.

எதிர் பெர்த்தில் எங்கள் தெரு மாயக்காள், சேலத்தில் மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சேலத்தில் இறங்கியதும் நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். தெருவில் எங்கள் வீட்டில்தான் போன் இருந்தது. நான் இரண்டே பேரிடம் சொன்னேன், அதுவும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லித்தான் சொன்னேன். பிள்ளைகள் மைசூர் அரண்மனையைப் பார்ப்பதற்குள் இங்கே ரம்யாஸ்ரீக்கு ரிஜிஸ்டர் கல்யாணமே முடிந்துவிட்டது.

அவள் திரும்பி வந்த மறுநாள்தான் இந்தச் சத்தம். சூடாமணி கத்திக்கொண்டிருக்கும்போதே நாஸியாவின் அம்மா மரியம் பீவி தெருவைத் தாண்டி வந்தார், பின்னாலேயே கனியும் வந்தார்.

“எம்மக அந்தப் பெட்டிக்கே போயிருச்சும்மா,” என்றார் மரியம் பீவி, கூடியிருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. “ரெண்டு புள்ளைகளும் ஒரே பெர்த்துல தலைமாத்திப் படுத்துருக்குதுக. அந்தப் பையன் யாரு எவருன்னே தெரியாது. அல்லா மேல ஆணையாச் சொல்றேன்.”

கனி சௌரிராஜனின் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, ஒத்த வார்த்தை. வேற பேருல டிக்கெட் வாங்குனேன், நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்னு சொல்லிருங்க. அம்புட்டுத்தான், எல்லாரும் வீட்டுக்குப் போயிருவாக.”

சௌரிராஜன் எங்களைப் பார்த்தார். அவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். குழாயில் மோட்டார் வைத்துத் தண்ணீர் இழுத்ததற்கு எங்களில் பாதிப் பேரை நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்டவர். எனக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்கிறது.

“நான் எதுக்குக் கள்ள டிக்கெட் வாங்கணும்?” என்றார், சுத்தமான தமிழில். “கோட்டாவுல முழுக்காசு கட்டி, எம்மக பேருலதான் எடுத்தேன். அதுக்கப்புறம் அவ எதுல ஏறுனா, யார்கூட உக்காந்தான்னு எனக்கெப்படித் தெரியும்?”

ரம்யாஸ்ரீ கதவருகில் நின்றிருந்தாள். அழவில்லை. “நீங்க சொன்னதத்தானப்பா சொன்னேன்” என்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சூடாமணி அதற்குமேல் எந்தப் பாஷையிலும் பேசவில்லை.

அவர் பொய் சொல்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும். காசிமாயன் அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன்.

ரம்யாஸ்ரீக்கு ஆயிரத்து அறுபத்தெட்டு மார்க் வந்தது. சௌரிராஜன் விண்ணப்பம் வாங்கவே விடவில்லை. “நாலு நாளைக்கே இந்த லட்சணம், நாலு வருஷம் ஹாஸ்டலா?” என்றாராம். ஆவணியில் பரமக்குடி ஜவுளிக்கடைக்காரர் கார்த்திகேஷுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு முப்பத்து மூன்று வயசு, முதல் தாரம் இறந்திருந்தது. விஷயத்தைக் கேள்விப்பட்டும் சம்மதித்த ஒரே இடம் அதுதான். தெருவே போய்ச் சாப்பிட்டு வந்தோம்.

நாஸியா பார்மசி படித்தாள், கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறாள். கனி குடும்பம் மறு வருஷமே வீட்டை விற்றுவிட்டு ஒத்தக்கடைப் பக்கம் போய்விட்டது. போகும்போது மரியம் பீவி என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மாயக்காள் சேலத்தோடு போய்விட்டாள். காசிமாயன் அவனியாபுரத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கிறான், நல்ல ஓட்டம் என்கிறார்கள். சூடாமணி மகளின் முதல் பிரசவத்துக்கென்று பரமக்குடி போனவள், அங்கேயே தங்கிவிட்டாள்.

சௌரிராஜன் மட்டும் இங்கேதான் இருக்கிறார். இன்னமும் செயலாளர்.