கீழே விழும் பயிற்சி

அறுபத்தேழாம் வருஷக் குளிர்காலம். எங்கள் சென் குலத்து மூதாதை ஒருவர் முந்நூறு வருஷத்துக்கு முன் போரிலிருந்து வீடு திரும்பி, வயல் வேலைக்கு நடுவே உண்டாக்கிய தற்காப்பு வித்தை தாய்ச்சி. அது பிறந்ததே எங்கள் ஊரில்தான். அதைப் பழங்காலத்துக் குப்பை என்று தடை போட்டுவிட்டான், நகரத்திலிருந்து கலாச்சாரப் புரட்சிச் செங்காவலர்களைக் கூட்டி வந்த லூ. மீசைகூட முளைக்காத பயல்.

யார் இன்னும் பழகுகிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை வைத்திருந்தான். களத்தில் நிறுத்தித் தள்ளுவான். விழுந்தால் பழகாதவன், வீட்டுக்குப் போகலாம். பக்கத்து வீட்டு ஜியூலின் விழவில்லை. போன வாரம் லாரியில் ஏற்றிப் போனார்கள். ஒரு தகவலும் இல்லை.

விடிந்தால் என் வீட்டுக்காரர் கெங்ஃபாவின் முறை. முப்பது வருஷம் பழகியவர். யார் தள்ளினாலும் அந்த வேகத்தை வாங்கி இடுப்பால் திருப்பிவிடும் உடம்பு. கதவைத் தாழிட்டுக்கொண்டு பகல் முழுக்க அவரைத் தள்ளினேன்.

“விழுங்க.”

“கால் விட மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?”

“சாராயம் குடிச்சா மட்டும் நல்லா விழறீங்க. இப்ப என்ன வந்துச்சு?”

“அப்ப ஒரு கிண்ணம் ஊத்து.”

சிரித்துக்கொண்டே அழுதேன். சாயங்காலம்தான் ஒருவழியாக மூட்டை மாதிரி விழுந்தார்.

காலையில் களத்தில் லூ இரண்டு கையாலும் தள்ளினான். விழுந்தார். எழுப்பி மறுபடி தள்ளினான். மறுபடியும் விழுந்தார், உதடு கிழிந்து ரத்தம் வந்தது. “சரி, போ” என்றான். எனக்குப் போன உயிர் திரும்பியது. அவரைத் தூக்க ஓடினேன்.

“நீ எதுக்குக் குறுக்க வர்றே?” என்று லூ என் தோளில் கை வைத்துத் தள்ளினான்.

எங்கள் குலத்தில் பெற்ற பெண்ணுக்கு இதைச் சொல்லித்தர மாட்டார்கள், வித்தை வேறு வீட்டுக்குப் போய்விடும் என்று. மருமகளுக்குத் தடையில்லை. பாழாய்ப்போன நான் அவரை விழவைத்தேனே தவிர, ஒருதரம்கூட விழுந்து பார்க்கவில்லை. என் இடுப்பு தானாகத் திரும்பியது. லூ என்னைத் தாண்டிப் போய்ச் சோளச் சக்கையில் குப்புற விழுந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. அவன் எழுந்து வந்தான்.

“யாருகிட்ட கத்துக்கிட்டே?”

தரையில் கிடந்த கெங்ஃபா மெல்ல எழுந்தார்.

“அவளை விடு தம்பி. பிரசவத்துக்கப்புறம் இடுப்பு போயி, குடம் தூக்க முடியாமக் கெடந்தா. நாந்தான் சொல்லிக்குடுத்து எழுப்பி நிறுத்துனேன். அவ வேணாம்னுதான் சொன்னா.”

“அப்ப நீ விழுந்தது?”

“நடிச்சேன். வேணும்னா இப்பத் தள்ளிப் பாரு.”

லூ தள்ளினான். பிறகு மூன்று பேர் சேர்ந்து தள்ளினார்கள். விழுந்துடுங்க, விழுந்துடுங்க என்று நான் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். அவர் விழவே இல்லை. என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, தானே நடந்துபோய் லாரியில் ஏறினார்.