மிதவையை அறுத்தவங்க

1
இந்தக் கதை எனக்கு நேத்து போன்ல வந்துச்சு. தங்கச்சி பேசினா. "கதை எழுதுறேன் கதை எழுதுறேன்னு திரியுறியே, இதை எழுதுண்ணா, வயித்தெரிச்சல் தாங்கல"ன்னா. நான் கடல்ல முழங்கால் நனைச்சதோட சரி. முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் கமெண்ட்ல வந்து திட்டக் கூடாது.

முதல் வரி: கடல் நீலமாக விரிந்து—
(அடிச்சாச்சு. விரியாம சுருட்டியா வச்சிருப்பாங்க?)

இன்னொண்ணு: பவளம் என்பது இயற்கையின்—
("என்பது"ன்னு போட்டதும் எனக்கே கொட்டாவி வந்துடுச்சு.)

போதும். நேரா தங்கச்சிகிட்ட போயிடுவோம்.

2
அவ தண்ணிக்குள்ள முங்கி வேலை பாக்குறவ. ஒடிஞ்சு கிடக்குற பவளத் துண்டுகளைப் பொறுக்கி, கடலடியில நிறுத்தியிருக்கிற கம்பிச் சட்டங்கள்ல கட்டணும். பாக்க கல்லு மாதிரி இருந்தாலும் அதுக்கு உயிர் இருக்கு. தளர விட்டா அலையில ஆடி ஆடியே தேஞ்சு போயிடும். கட்டினதோட விட முடியாது, சட்டத்துல பாசி படியாம பிரஷ்ஷால தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். வீட்ல ஒரு தட்டைக் கழுவச் சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா. கடலுக்குள்ள போய்த் தேய்க்கிறா!

அவங்க ஊர் மீனவர் சங்கத்துல பேசி, அந்த இடத்துல வலையும் போடுறதில்ல, நங்கூரமும் போடுறதில்லன்னு ஒத்துக்கிட்டாங்க. நல்லா மீன் பட்டுக்கிட்டிருந்த இடம். பவளம் வளந்தா மீன் பெருகும்னு இவ சொன்ன ஒரு வார்த்தையை நம்பி விட்டுக் குடுத்தாங்க. [இதை ரெண்டு தடவை படிங்க. கதையே இதுதான்.]

3
இடம் தெரியணும்னு மேல ஆரஞ்சு கலர்ல மிதவை கட்டினாங்க. அதைப் பாத்துட்டு, ஓ, கீழ ஏதோ இருக்குன்னு பக்கத்து ஊர் படகெல்லாம் அங்கயே வந்து வலையை விரிச்சுது. கத்திப் பாத்தாங்க, கேக்கல. சரின்னு இவங்க கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தாங்க பாருங்க, எனக்கு இன்னும் தலை சுத்துது. மிதவையை அறுத்துட்டாங்க! இடம் நமக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாதுல்ல?

(அடிக்குறிப்பு: ஜிபிஎஸ் இல்லையான்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். "இருக்கு. ஆனா அவருக்கு அந்தக் கடல் மனப்பாடம்ணா"ன்னா. அவரு, அவ புருஷன். படகு ஓட்டுறவர்.)

மனப்பாடமாம்! போன வாரம் வெளியூர்லேர்ந்து பவளத்தைப் பாக்க நாலு பேர் வந்தாங்க. மாப்பிள்ளைதான் படகுல கூட்டிட்டுப் போனார். தண்ணி கலங்கிக் கிடந்துச்சு. நங்கூரத்தைப் போட்டார். தங்கச்சி முங்கிப் பாத்துட்டு மேல வந்தா.

"ஏங்க, எங்க போட்டீங்க?"

"எப்பவும் போடுற இடத்துலதான்."

"எப்பவும் மிதவைக்கு இந்தாண்ட போடுவீங்க. இப்ப மிதவை எங்க?"

"அறுக்கச் சொன்ன மகராசி நீதானே!"

நங்கூரம் இழுத்ததுல சட்டங்கள்ல பாதி கவுந்து கிடக்கு. மீதி அப்படியே நிக்குது, உயிரோட.

4
மாப்பிள்ளையை முதல்ல குடிகாரரா எழுதினேன். கதைக்கு வசதியா இருந்துச்சு. தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டினேன்.

"டீயே அரை கிளாஸ் குடிக்கிற மனுசன்ணா அவரு! உனக்குக் கதை வரலன்னா எம் புருஷனைக் குடிக்க வைப்பியா?"

மாத்திட்டேன். இப்ப அவர் தெளிவா இருந்தே தப்புப் பண்றார். அதுதான் இன்னும் கடுப்பா இருக்கு.

சட்டம் கவுந்த விஷயம் ஊருக்குள்ள பரவிடுச்சு. ஆனா யாரும் மாப்பிள்ளையைக் கேக்கல. பக்கத்து ஊர் வலைதான் இழுத்துக் கவுத்திருக்கும்னு அவங்களே முடிவு கட்டிட்டாங்க. அந்த ஊர்ப் படகை மறிக்கணும்னு இன்னைக்குச் சாயங்காலம் சங்கத்துல கூட்டம். தங்கச்சி வாயைத் திறக்கலன்னா அடிதடி. திறந்தா, உங்க வீட்டுப் படகே நங்கூரம் போடும், நாங்க மட்டும் ஒதுங்கிப் போகணுமான்னு எல்லாரும் வலையோட இறங்கிடுவாங்க. நிக்கிற மீதியும் போச்சு.

5
முடிவு அ: எழுந்து உண்மையைச் சொல்றா. ஊரே கை தட்டுது. (எந்த ஊர்லய்யா தட்டுறாங்க?)

முடிவு ஆ: சொல்லாம உக்காந்திருக்கா. விடியக் காலையில படகுங்க கிளம்ப— (வேண்டாம். மண்டை உடையும்.)

முடிவு இ: மாப்பிள்ளையே எழுந்து, "நான்தான்"ங்கிறார். (தங்கச்சி சிரிச்சா. "அவரா? வீட்ல கிளாஸ் உடைஞ்சா பூனைம்பாரு. எங்க வீட்ல பூனையே கிடையாதுண்ணா!")

இதை எழுதிட்டிருக்கும்போதே போன் அடிக்குது. அவதான். பின்னாடி ஒரே சத்தம்.

"கூட்டத்துலேர்ந்து வெளிய வந்து பேசுறேன்ணா. படகு மறிக்கப் பேர் குடுத்துட்டிருக்காங்க, முதல் பேரே இவருதான். நீ முடிவு எழுதிட்டேல்ல? அதைச் சொல்லு, போய் அப்படியே சொல்லிடுறேன்."

"அது... கதைம்மா."

"தெரியும். சொல்லு."

எங்கிட்ட மூணு இருக்கு, மூணுமே உருப்படி இல்ல. உள்ளேர்ந்து அவளைக் கூப்பிடுறாங்க. போனை இன்னும் வைக்கல, மூச்சு விடுறது கேக்குது. இவ்வளவு தூரம் படிச்சீங்கள்ல? சீக்கிரம் ஒண்ணு சொல்லுங்க, நான் அவகிட்ட சொல்லணும்.