அடுப்போடு வந்த பெயர்

கோயிலுக்குள் நின்றாலும் மத்துரேனின் காது எதிரே அடுப்படியில்தான் இருந்தது. பிரபுவின் அடுப்பு அது. அந்தப் பர்கண்டிச் சீமையில் வீட்டில் ரொட்டி சுட எவருக்கும் உரிமை இல்லை. ஊர் மாவெல்லாம் அங்கேதான் வரவேண்டும். விடியலில் நெருப்பு மூட்டிவிட்டு, முந்தாநாள் பிறந்த மகனின் ஞானஸ்நானத்துக்கு ஓடிவந்திருந்தான்.

தலையில் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. பிள்ளையை ஞானத்தாய் ஜாக்கெத் ஏந்தியிருந்தாள். மன்னர் உத்தரவில் புதிதாக வந்த பதிவேட்டைப் பாதிரியார் விரித்தார்.

"பையன் பேரு ஜில். குடும்பப் பேரு ஃபூர்னியே."

"வேண்டாம் சாமி. கொபேர்னு எழுதுங்க. எங்கப்பா பேரு."

"ஃபூர்னா அடுப்பு. அடுப்பைப் பார்க்கிறவன் ஃபூர்னியே. இதுல என்னடா குறை?"

"எனக்கு முன்னால இருந்தவனும் ஃபூர்னியேதான் சாமி. எனக்கு ஒட்டுமில்ல, உறவுமில்ல. அவன் செத்ததும் ரொட்டி தள்ளுற துடுப்பை என் கையில குடுத்தாங்க, பேரும் கூடவே வந்துடுச்சு. என்னோட போயிடும்னு இருந்தேன். நீங்க மையில எழுதினா, ஃபூர்னியே மகன் இருக்கானேன்னு பிரபுவோட காரியஸ்தன் இவனையும் அங்கயே நிறுத்திடுவான்."

ஜாக்கெத் சிரித்தாள். "பத்து வருஷமா எங்க ரொட்டியைக் கருக்குறே. கொபேர்னு ஒருத்தன் இருக்கிறதே இன்னிக்குத்தான் தெரியுது."

பாதிரியார் இறகுப் பேனாவை மையில் தோய்த்தார். "சரி, வாசல்ல போய் நில்லு. ஒருத்தர் உன்னைக் கொபேர்னு கூப்பிடட்டும், எழுதிடறேன்."

வாசலில் நின்றான். அடுப்படியில் பெண்கள் மாவுக் கூடைகளோடு காத்திருந்தார்கள். அப்படிக் கூப்பிடச் சொல்லிச் சைகை காட்டலாமா என்று யோசிப்பதற்குள் சிமோன் முந்திக்கொண்டாள்.

"யோவ் ஃபூர்னியே, பெத்தது உன் பொண்டாட்டியா நீயா? மாவு பொங்கி வழியுது."

காதில் விழாதவன்போல் அவன் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டான்.

"ஃபூர்னியே, சூடு இறங்கிட்டா வாரம் பூரா உன் தொப்பியையா தின்போம்?"

புகை மெலிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் பன்னிரண்டு வீட்டு ரொட்டியும் கல்லாகிவிடும். அந்தக் கூடைகளில் ஒன்று அவன் வீட்டுடையது. பிள்ளை பெற்றவள் படுக்கையில் பசியோடு கிடந்தாள். கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டான். இப்போது எல்லோரும் சேர்ந்து கூப்பிட்டார்கள்.

"இதோ வந்துட்டேன்," என்றான்.

படியிறங்கும்போது பின்னால் பேனா கீறுவது கேட்டது. பிறகு மை காய மணல் தூவும் சத்தம். திரும்பிப் பார்க்காமல் சதுக்கத்தைக் கடந்தான். துடுப்பு, சாத்திய இடத்திலேயே இருந்தது.