தானாகத் திரும்பும் வீடு

என் அண்ணன் கட்டிய வீடு சூரியனைப் பார்த்துத் தானாகத் திரும்பும். வட்டமான வீடு; அடியில் பெரிய பல்சக்கரம், அதைச் சுழற்ற ஒரு மோட்டார். இருட்டறையே இல்லாத நகரத்துக்கு இது முதல் வீடு என்பார் அண்ணன். அந்த நகரத்தில் யாருக்கும் வெயில் குறையாது. இரண்டாவது வீட்டைக் கட்ட ஒருவரும் முன்வரவில்லை. அது அவர் குற்றமில்லை.

அவர் மறைந்து பதினோரு வருடம் ஆகிறது. இப்போது சாலையை அகலப்படுத்த வீட்டை இடிக்க வேண்டும் என்கிறார்கள். காக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்ந்தால் தப்பும். விண்ணப்பம் கொடுத்தேன். வீடு உண்மையிலேயே திரும்பியதா என்று பார்க்க ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். 'உண்மையிலேயே' என்ற சொல்லை நான் ரசிக்கவில்லை. வெளியூரில் வேலை பார்த்த காலத்தில், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வீடு திரும்புவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்று இங்கேயே வந்தபோது நின்றுபோயிருந்தது. மோட்டாருக்கு வயதாகிவிட்டது என்றார் அண்ணி.

இன்ஜினியர் ஒரு மணி நேரம் அடித்தளத்தில் இருந்துவிட்டு, முழங்கை வரை கிரீஸோடு மேலே வந்தார்.

"பல்லெல்லாம் நல்லா தேஞ்சிருக்கு சார். வருஷக்கணக்கா திரும்பியிருக்கு."

"அதைத்தானே நான் எழுதியிருந்தேன்."

"ஆனா மோட்டார்ல காயில் கருகிக் கிடக்கு. ஓட ஓடத் தேயற கார்பன் பிரஷ் தேயவே இல்ல. ரெண்டு நாள்கூட ஓடியிருக்காது."

"மோட்டார் ஓடாம பல் எப்படிம்மா தேயும்?"

"அதான் எனக்கும் மண்டையைக் குடையுது."

"நான்தான் சுத்தினேன்" என்றார் அண்ணி, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டாம் நாளே மோட்டார் புகைஞ்சுபோச்சு. அவர் ஒரு கைப்பிடி செஞ்சு மாட்டினார். தையல் மிஷினைவிட லேசு. முட்டி போனதும் விட்டுட்டு, கைப்பிடியைக் கழட்டி அலமாரிக்குப் பின்னால வெச்சுட்டேன்."

"வேற மோட்டார் வாங்கியிருக்கலாமே அண்ணி?"

"கையாலயே இவ்வளவு லேசா சுத்துதே, இதுதான் நல்லா இருக்குன்னார். ஊருக்கும் சொல்லத்தான் இருந்தார். அதுக்குள்ள நீங்க 'தானாகத் திரும்பும் வீடு'ன்னு புத்தகம் அடிச்சு, சொந்தம், ஆபீஸ், பத்திரிகை ஒண்ணு விடாம அனுப்பிட்டீங்க. தம்பி தலைகுனிஞ்சு நிக்க வேண்டாம்னு வாயை மூடிக்கிட்டார்."

நாற்பது வருடமாக அவர் மானத்தை நான் காத்துவருவதாக நினைத்திருந்தேன்.

இன்ஜினியர் தொண்டையைச் செருமினார். "விண்ணப்பத்துலயும் 'தானாக'ன்னுதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார். நான் உள்ளதை எழுதினா நீங்க பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

"எழுதினா வீடு நிக்குமா?"

"மோட்டார் வெச்சா மலையைக்கூட சுத்தலாம். ஒரே ஆள், ஒரு கையால, முழு வீட்டையும் சுத்தறது நான் எங்கயும் கேள்விப்பட்டதில்ல. அவ்வளவு துல்லியமா எடையைப் பிரிச்சிருக்கார் உங்கண்ணன். ஆனா நான் கண்ணால பார்க்கணும்."

விண்ணப்பத்தை வாங்கி, 'தானாக' என்பதை அடித்துவிட்டு, 'கையால்' என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்திட்டேன். புத்தகம் போய்ச் சேர்ந்த வீடுகளுக்கெல்லாம் இனி கடிதம் எழுத வேண்டும். எழுதுவேன். அலமாரிக்குப் பின்னாலிருந்த கைப்பிடியை எடுத்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

அடித்தளத்தை அதுவரை நான் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. கைப்பிடியைச் சக்கரத்தில் மாட்டினேன்; அதன் மரத்தில் விரல்கள் பதியும் இடம் குழிந்திருந்தது. முதலில் இம்மியும் அசையவில்லை. உடம்பைச் சாய்த்து அழுத்தினேன். எங்கோ ஒரு முனகல் கேட்டது. பிறகு, நம்பவே முடியவில்லை, தயிர் கடைவது போல அவ்வளவு இதமாகச் சுற்றத் தொடங்கியது. தலைக்கு மேல் மொத்த வீடும் நகர்ந்துகொண்டிருந்தது, என் ஒரு கையால்.

"நகருது சார்" என்று மேலிருந்து கத்தினார் இன்ஜினியர். "போதும், பார்த்துட்டேன். பட்டியலுக்கு நான் எழுதிடறேன்."

நான் நிறுத்தவில்லை. மேலே ஜன்னல்களில் அடுத்து என்ன வரும் என்று தெரிந்தாக வேண்டும்.

"இப்ப அங்க என்ன தெரியுது அண்ணி?"

"பக்கத்து வீட்டுச் சுவரு. எதிர்ப்பக்கமா சுத்தறீங்க தம்பி. வெயில் இந்தப் பக்கம் இருக்கு."

மாற்றிச் சுற்றினேன்.